விடிந்தால் வெளுத்துவிடும் தண்ணீர்

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் தொட்டியில் மருந்து ஊற்றியபோது தண்ணீர் வெளிர்பச்சை ஆனது. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வந்து பார்த்தால், ஒரு சொட்டு மருந்தும் படாததுபோலத் தெளிந்து கிடந்தது. மீன்களின் மேல் இருந்த வெள்ளைப் புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.

மருந்து எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

அது கடல் மீன் தொட்டி. ஆறடி நீளம், ஐந்நூறு லிட்டர். கீழ்வேளூருக்குக் கிழக்கே இருந்த இறால் பண்ணைக் கம்பெனியின் ஆபீஸ் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தார்கள். ஆட்சி மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. பண்ணைகளால் வயல்கள் உப்பேறிவிட்டன என்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் கொடுத்த மனுக்களை விசாரிக்க ஒரு குழு வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். வெகுநாளாக அழகுக்கு இருந்த தொட்டியை இப்போது அந்தக் குழுவுக்குக் காட்ட ஏற்பாடு. இறால் குட்டையிலிருந்து வெளியேற்றும் தண்ணீரை இதில் நிரப்பி, அதில் வண்ண மீன்கள் நீந்துவதைக் காட்டினால், தண்ணீரில் கெடுதல் ஒன்றுமில்லை என்று வாய் திறக்காமலேயே சொல்லிவிடலாம் என்பது மானேஜர் உலகநாதனின் யோசனை.

நான் விலங்கியல் படித்தவன். குட்டைத் தண்ணீரைப் பரிசோதிக்கிற வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள். தொட்டியும் என் தலையில் விழுந்தது.

இரண்டு கோமாளி மீன், நான்கு சின்ன நீல மீன், பதினைந்து நாளுக்கு முன் மண்டபம் கடற்கரையிலிருந்து வந்த வண்ணாத்தி மீன் ஒன்று. மொத்தம் ஏழு. சனிக்கிழமை அவற்றின் உடம்பில் பொடியுப்பைத் தூவினதுபோல் புள்ளிகள் வந்தன. இது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அது மீனின் தோலுக்குள் புகுந்து வளரும், பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் பெருகும், திரும்ப வந்து ஒட்டும். இரண்டு வாரம் விட்டால் மீன் மிஞ்சாது. இறால் குஞ்சு பொரிக்கிற இடங்களில் அப்போது பூஞ்சைக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பச்சை மருந்து இதற்கும் கேட்கும். உணவு மீனுக்கு அதைப் போடக் கூடாது என்று பிற்பாடு தடை வந்தது. அதில் ஒரு வசதி, மருந்தே சாயம். தண்ணீர் பச்சையாக இருக்கும்வரை மருந்து இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தொந்தரவும் உண்டு. அளவு இரட்டித்தால் மீனையே கொன்றுவிடும்.

ஆகையால், போன மருந்து போய்விட்டதா, எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று தெரியாமல் அடுத்த வேளை மருந்தை ஊற்றக் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் பார்த்தேன். யாராவது தண்ணீரை மாற்றியிருந்தால் மட்டம் மாறியிருக்கும். கண்ணாடியில் நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டுக்கு நேராகவே தண்ணீர் நின்றது. வாய்க்கால் தண்ணீரைக் கலந்திருந்தால் உப்பு குறைந்திருக்கும். உப்பு பார்க்க ஒரு மிதவைக் கண்ணாடி உண்டு. உப்பு அதிகமானால் மேலே நிற்கும், குறைந்தால் அமிழும். அது முந்தின நாள் நின்ற இடத்திலேயே நின்றது. குட்டைத் தண்ணீரையே ஊற்றியிருக்கலாம் என்றால் குட்டைத் தண்ணீர் பழுப்பாக இருக்கும். இது கண்ணாடிபோல் இருந்தது. மருந்து கெட்டுப்போயிற்றோ என்று ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். பச்சை பளிச்சென்று விரிந்தது.

முந்தின டிசம்பரில் இதே தொட்டிக்கு இதே மருந்தை ஊற்றியிருக்கிறேன். நான்கு நாள் நிறம் நின்றது.

உலகநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"யாரோ தண்ணிய மாத்தியிருக்காங்க" என்றார்.

"ஐந்நூறு லிட்டர் சார். முப்பது குடத்துக்கு மேல வரும்."

"அவங்க தெருவுல முப்பது பொம்பளைங்க இல்லையா?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் தங்கையன், "என் கண்ணு முன்னாடி முப்பது பொம்பள வந்தா நான் தூங்கிட்டு இருப்பேனா சார்?" என்றார்.

"நீ எதுக்குமே தூங்குவே" என்றார் உலகநாதன்.

'அவங்க தெரு' என்று அவர் சொன்னது கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்சத்தின் தெருவை. பண்ணையின் மேற்குக் கரையை ஒட்டி அம்சமும் அவள் புருஷன் சாமிதுரையும் இரண்டு மா நிலத்தை, முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, குத்தகைக்கு வைத்திருந்தார்கள். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. மிராசுதார் மற்ற நிலத்தோடு சேர்த்து அதையும் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இப்போது அது ஏழாம் நம்பர் குட்டை. அந்தத் தெருவில் மிச்சம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு நாற்றங்கால் பழுத்துப் போயிற்று. குட்டைக் கரையை வெட்டியதாகப் பதினெட்டுப் பேர் மேல் வழக்கு நடந்தது. அதில் சாமிதுரையும் ஒருவர். நிலம் போன வீடுகளுக்கு வேலை தருவதாகக் கம்பெனி சொன்ன வாக்கில், மொத்தம் மூன்று பேருக்குத்தான் வேலை கிடைத்தது. அந்த மூன்றில் ஒன்று அம்சத்தின் விளக்குமாறு.

"புருஷன் கரைய வெட்டுறான். பொண்டாட்டி உள்ள வந்து கூட்டுறா" என்றார் உலகநாதன். "விஷம் எப்படி வந்துச்சுன்னு கேக்கணுமா?"

"விஷம் இல்ல சார், இது ஒட்டுண்ணி."

"நீ அப்படித்தான் சொல்லுவே. உங்க மாமா என்ன எழுதிக் குடுத்திருக்காருன்னு எனக்குத் தெரியாதா?"

என் மாமா நீலமேகம் நாகப்பட்டினத்தில் படகு வைத்திருப்பவர். பண்ணைக் கழிவால் முகத்துவாரத்தில் மீன் படுவதில்லை என்று மீனவர்கள் கொடுத்த மனுவில் அவர் கையெழுத்து முதலாவது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றுதான் உலகநாதனுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

தொட்டிக்குக் கீழே ஒரு மர அலமாரி. அதற்குள்தான் வடிகட்டும் பெட்டி. தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். பஞ்சில் அழுக்கை விட்டு, உடைந்த பவளக்கல் அடுக்கு வழியாகப் போய், கடைசித் தட்டில் நைலான் பையில் கட்டி வைத்த ஆக்டிவேட்டட் கார்பன் கரிக்குள் புகுந்து, மோட்டார் மூலம் மேலே ஏறும். உலகநாதன் அன்று காலையே அந்த அலமாரிக்கு ஒரு பித்தளைப் பூட்டுப் போட்டார். சாவியைத் தன் அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

"இனிமே இதுக்குள்ள யாரும் எதையும் ஊத்த முடியாது. நீயுந்தான்" என்றார்.

ஊற்றாவிட்டாலும் மீன் பிழைக்காது, வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடி முழு அளவு மருந்தை ஊற்றினேன். தண்ணீர் பச்சையானது. ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தங்கையனிடம், "யார் உள்ள வந்தாலும் பாத்து வையுங்கண்ணே" என்றேன். அவர் என்னையே ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பற்றியும் அவரிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

பஸ்ஸில் எனக்கும் புத்தி கோணலாகத்தான் ஓடியது. ஒரு வேளை அம்சமே ஏதாவது செய்கிறாளோ? நிலம் போனவளுக்குக் காரணமா இல்லை? அடுத்த நிறுத்தம் வருவதற்குள் உலகநாதன்மேல் சந்தேகம் வந்தது. மீன் செத்தால் அவருக்கு நஷ்டமா, லாபமா? ஊர்க்காரர்கள் விஷம் வைத்தார்கள் என்று குழுவிடம் சொல்ல ஏழு மீன் மலிவான விலை. சாவி அவரிடம்தானே இருக்கிறது.

புதன்கிழமை காலை தண்ணீர் மறுபடி வெளுத்திருந்தது. நீல மீன் ஒன்று மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதோடு, வண்ணாத்தி மீனுக்குப் பக்கத்தில், மணலில் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பாக ஏதோ ஊறி அமிழ்ந்து கிடந்தது.

உலகநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எடுத்தார். அடுப்புக்கரி. விறகு எரிந்து மிஞ்சிய கரித்துண்டு. அவர் அதை ஒரு காகிதத்தில் வைத்து, விரலைக் கைக்குட்டையில் மூன்று தடவை துடைத்தார்.

"அம்சம்" என்று கூப்பிட்டார்.

அவள் வாளியோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த ஆள்.

"இது என்னது?"

"கரி சார்."

"யார் போட்டது?"

"நாந்தான்."

தங்கையன் நாற்காலியிலிருந்து எழுந்தார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எதுக்குப் போட்டே?"

"கறிக்கொழம்பு, மீன்கொழம்பு தூக்குல எடுத்துட்டுப் போனா மேல ஒரு கரித்துண்டு போட்டுத்தானே எடுத்துட்டுப் போவோம்? காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு. செத்த மீனுக்கே போடுறோம். இது உசிரோட, வர்றவன் போறவன் கண்ணு முன்னாடி கெடக்கு. கண்ணு பட்டுத்தான் இப்படிப் பொரிப் பொரியா வந்திருக்குன்னு நேத்து போறப்ப போட்டேன்."

"செய்வினை வச்சிருக்கா" என்றார் உலகநாதன், என்னைப் பார்த்து. பி.காம். படித்தவர். விரலை இன்னொரு தடவை கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"செய்வினை வைக்கத் தெரிஞ்சா மீனுக்கா வைப்பேன்?" என்றாள் அம்சம்.

தங்கையனுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. உலகநாதன் உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். கதவு திறந்தே இருந்ததால் எழுதிக்கொண்டே அவர் முணுமுணுத்தது கேட்டது. 'சாமிதுரை மனைவி அம்சம் என்பவர் உள்நோக்கத்துடன், கம்பெனிக்குச் சொந்தமான தொட்டியில்...' எழுதி முடித்து மடித்துப் பையில் வைத்தார். "சாப்பிட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். இந்தக் கரி ஒண்ணு போதும்" என்றார்.

அம்சம் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு வாய்தா திங்கக்கிழமை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "நானும் உள்ள போயிட்டா, வீட்டுல அடுப்பு எரியாது தம்பி."

மணி பத்தரை. உலகநாதன் சாப்பிடப் போவது ஒரு மணிக்கு.

எனக்கு அப்போது எந்த யோசனையும் இல்லை என்பதுதான் உண்மை. அந்தக் கரித்துண்டைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டேன். விஷம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. பரிசோதனை அறையில் இரண்டு கண்ணாடிச் சீசா எடுத்து, இரண்டிலும் தொட்டித் தண்ணீரை நிரப்பி, ஆளுக்கோர் இறால் குஞ்சை விட்டு, சாகிறதா பார்க்கலாம் என்று தொடங்கினேன். குஞ்சு விடுவதற்கு முன், இந்தத் தண்ணீரில் மருந்தின் நிறம் நிற்கிறதா பார்ப்போம் என்று இரண்டிலும் ஒரே அளவு பச்சை மருந்தை விட்டேன். ஒன்றில் மட்டும் அம்சத்தின் கரியை இடித்துப் போட்டுக் குலுக்கினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். கரி இல்லாத சீசா பச்சையாக இருந்தது. கரி போட்டது கொஞ்சம் வெளுத்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சந்தேகமே இல்லை.

அடுப்புக்கரியே நிறத்தைப் பிடிக்கிறது என்றால், அலமாரிக்குள் இருக்கிற, ஆலையில் செய்த கரி?

அது நான் ஏற்கெனவே தள்ளிவிட்ட யோசனை. டிசம்பரிலும் அதே பெட்டியில் அதே கரிப் பைதானே இருந்தது? அப்போது நிறம் நான்கு நாள் நிற்கவில்லையா? அந்தப் பையை வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மாற்ற வேண்டும் என்று நானே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அம்சம் வாசற்படியில் நின்று சீசாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரிக்கு இவ்ளோ சக்தியா?"

"உங்க கரிக்குக் கொஞ்சந்தான் அக்கா. பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கு நெறைய. ஆனா அது பழசு."

"எது பழசு?"

"உள்ள இருக்கிற கரி."

"யாரு சொன்னா பழசுன்னு?" என்றாள். "திங்கக்கிழமை காலையில கூட்ட வந்தா அலமாரிக்கு முன்னாடி தரையெல்லாம் கருப்புத் தூளு. இழுத்து இழுத்துத் துடைச்சேன். நேத்திக்கும் இருந்துச்சு. இன்னிக்கும் இருந்துச்சு. பழைய கரியா தூளு கொட்டும்?"

கொட்டாது. புதுக் கரியைப் பையில் கொட்டும்போதுதான் தூள் பறக்கும். ஒரு வாரம் தண்ணீரில் கிடந்த கரியில்கூடத் தூள் இருக்காது.

"இத ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

உலகநாதனின் அறைக்குப் போனேன். போகும்போதே எனக்கு அவர்மேல் முழுச் சந்தேகம். மருந்து வேலை செய்யக் கூடாது என்று வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், பெட்டியில கரி மாத்தினீங்களா?"

நான் நினைத்ததற்கு நேர் எதிராக, அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பின்ன? உன்னை நம்பி விட்டுடுவேனா? சனிக்கிழமை புள்ளி வந்தப்பவே பூச்சிமருந்து ஊத்திட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மெட்ராஸ்லேருந்து ஒரு டின் கார்பன் வாங்கி வச்சிருந்தேன். விஷத்தை இழுக்கும்னு டின்னுலயே போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து பழச எடுத்துட்டுப் புதுசு வச்சேன். நேத்தும் முந்தாநேத்தும் நீ பஸ் ஏறினப்புறம் ஒவ்வொரு பை சேத்தேன்."

"என்கிட்ட சொல்லலையே சார்."

"உன்கிட்ட சொன்னா உங்க மாமாகிட்ட போகும். அவர்கிட்ட போனா அந்தத் தெருவுக்குப் போகும்."

"சாவிய எடுங்க சார். அந்த டின்னையும்."

என்ன காரணத்தாலோ எழுந்து வந்தார். ஒரு வேளை என் குரலில் இருந்த பதற்றத்தை விஷத்தைக் கண்டுபிடித்த பதற்றம் என்று எண்ணியிருக்கலாம். பூட்டைத் திறந்தார். கடைசித் தட்டில் அந்த ஒன்றரை வருஷப் பழைய பை இல்லை. பளபளவென்று மூன்று புதுப் பைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

டின்னிலிருந்து ஒரு சிட்டிகை கரியை எடுத்து, பச்சையாக நின்ற சீசாவில் போட்டுக் குலுக்கி அவர் மேசைமேல் வைத்தேன். அம்சமும் பின்னாலேயே வந்திருந்தாள். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். குலுக்கக் குலுக்கப் பச்சை மங்கியது. கால் மணி நேரத்தில் தெளிந்த தண்ணீரும் அடியில் கருப்புத் தூளும்தான் மிச்சம்.

"எங்க போச்சு?" என்றார் உலகநாதன்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். "இதுக்குள்ளதான் சார் இருக்கு" என்று ஒரு கரி மணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "தேங்காய்ச் சிரட்டைய காத்து படாம எரிச்சு, அப்புறம் கடுஞ்சூட்டுல நீராவிய உள்ள விட்டுக் குடையறாங்க. வெளியில பாத்தா ஒரு மணி. உள்ள பூரா சந்து, சந்துக்குள்ள சந்து. எல்லாச் சந்தோட சுவரையும் விரிச்சுப் பரப்பினா, ஒரு கிராம் கரி கிட்டத்தட்ட ஒரு மா நிலம் வரும். ஒரு கைப்பிடியில ரெண்டு வேலி, பதிமூணு ஏக்கர்."

"ரெண்டு வேலியா?" என்றாள் அம்சம். "பட்டா யார் பேருல இருக்கு?"

உலகநாதன் அவளைப் பார்க்கவில்லை.

"சாயம், நாத்தம், பழுப்பு, பூச்சிமருந்து, இந்த மாதிரிப் பொருளெல்லாம் தண்ணியோட போகும்போது அந்தச் சுவர்ல ஒட்டிக்கும். நம்ம பச்சை மருந்தும் அப்படிப்பட்ட சாயந்தான். கரிக்கு இது விஷம், இது மருந்துன்னு தெரியாது சார். ரெண்டையும் ஒண்ணாத்தான் பிடிக்கும். சந்து நெறைஞ்சு போச்சுன்னா அப்புறம் வெறும் கல்லு. டிசம்பர்ல இருந்தது நெறைஞ்ச கரி, அதான் நிறம் நின்னுச்சு. இப்ப நீங்க தெனமும் காலி வீட்டத் தொறந்து தொறந்து விடுறீங்க. நான் ஊத்துற மருந்து அங்க போய்க் குடியேறுது."

"அப்ப விஷம்?"

"யாரும் போடலை. மண்டபத்துலேருந்து வந்த வண்ணாத்தி மீன நீங்க சொன்னீங்கன்னு அன்னிக்கே தொட்டியில விட்டேன். தனியா பதினஞ்சு நாள் வச்சிருக்கணும். ஒட்டுண்ணி அதோட வந்துச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார். என்னை நம்பியதுபோல் தெரியவில்லை, சீசாவை நம்பினார்.

அம்சம் கேட்டாள்: "உப்பையும் பிடிச்சுக்குமா தம்பி?"

"இல்ல அக்கா. உப்புக்குத் தண்ணியோடதான் பிடிப்பு. அது அந்தச் சுவர்ல ஒட்டாது. எத்தனை டின் கொட்டினாலும் உப்பு அப்படியே இருக்கும்."

"அப்ப இந்தக் கண்ணாடியில தண்ணி பளபளன்னு இருக்கிறதும், எங்க தெரு நாத்தங்கால்ல உப்பு ஏறினதும் வேற வேற. மீனு பொழச்சா நெல்லு பொழச்சதா ஆயிடுமா? வர்றவங்ககிட்ட இதையும் சொல்லுவீங்கல்ல?"

உலகநாதன் தலையைத் தூக்கினார். மறுபடி அந்தப் பழைய பார்வை என்மேல் வந்து நின்றது.

"கேட்டா சொல்லுவேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

மணி ஒன்று அடித்தது. தங்கையன் சைக்கிளை வெளியே எடுத்து வைத்திருந்தார். உலகநாதன் எழவில்லை. அம்சம் அவர் மேசைக்கு எதிரில் நகராமல் நின்றாள்.

"அந்தப் பேப்பர் சார்."

"அதான் குடுக்கலையே."

"இன்னிக்குக் குடுக்கல. நாளைக்கு மீனு ஒண்ணு செத்தா குடுப்பீங்க. என் பேரு எழுதின பேப்பர் என்கிட்ட இருக்கட்டும்."

அவர் பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டார். அவள் அதைப் பிரித்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தேடிப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கரி எடுக்கிறப்ப நானும் நிக்கிறேன்" என்றாள் என்னிடம். "நாளைக்குத் திரும்ப வெளுத்தா, யாரு உள்ள வச்சாங்கன்னு எனக்கும் தெரியணும்."

மூவர் கண் முன்னால் மூன்று பைகளையும் வெளியே எடுத்தேன். பஞ்சும் பவளக்கல்லும் மோட்டாரும் இருந்தபடியே இருந்தன. முந்தின இரண்டு தடவை ஊற்றிய மருந்து தண்ணீரில் துளியும் இல்லை என்பது இப்போது உறுதியாகத் தெரிந்ததால் பயமில்லாமல் முழு அளவு ஊற்றினேன். காற்றுக்குழாயைக் கூடுதலாகத் திறந்துவிட்டேன். பூட்டை மாட்டவில்லை. கரிப் பைகளை அம்சம் எண்ணிப் பார்த்து, தங்கையனின் நாற்காலிக்கு எதிரே ஜன்னலில், யார் எடுத்தாலும் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் பச்சையாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது. மூலையில் சாய்ந்த நீல மீன் பிழைக்கவில்லை. அது செத்த அன்று உலகநாதன் அம்சத்தை ஒரு முறை பார்த்தார், ஜன்னலில் இருந்த பைகளை ஒரு முறை எண்ணினார், உள்ளே போனார். நாள் விட்டு நாள், நிறம் மங்கிய அளவுக்கு மட்டும் மருந்து சேர்த்தேன். திங்கட்கிழமை மற்ற ஆறின் மேலும் புள்ளிகள் உதிர்ந்திருந்தன. உதிர்ந்தது தொட்டியின் அடியில் பெருகும் என்பதால் இன்னும் ஏழு நாள் அதே மாதிரி சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் புதுக் கரியை நன்றாகக் கழுவித் தூள் போக்கி, ஒரே ஒரு பை உள்ளே வைத்தேன். மிச்சமிருந்த மருந்தை அது ஓர் இரவில் எடுத்துவிட்டது. குழு அதுவரை வரவில்லை.

அலமாரிக் கதவில் ஒட்ட ஓர் அட்டை எழுதினேன். அம்சம் அதை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சரி என்ற பிறகு ஒட்டினேன். அதில் இருந்தது இதுதான்: மருந்து போடும் நாளில் கரியை வெளியே எடுத்துவிட வேண்டும். மருந்து முடியும்வரை உள்ளே வைக்கக் கூடாது. முடிந்த பிறகு, கழுவிய புதுக் கரி ஒரு பை வைத்தால் மிச்ச மருந்து போய்விடும். எடுப்பவரும் வைப்பவரும் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.